மூலிகைத் தேநீர் பீடைகொல்லி நஞ்சிலிருந்து மூளையைக் காக்குமா?

வட்டைக்குள் மருந்தடித்துவிட்டு வருகின்றவருக்குத் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் என்று வந்தால் எமது வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது கொத்தமல்லித் தண்ணீர்தான். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டி, வல்லாரைச் சாறு, பொல்பலா அவியல், ரணவராப் பூத் தேநீர் என்று ஊருக்கு ஊர் கைமருந்து மாறும். "உடம்பில் ஏறிய நஞ்சை இது முறிக்கும்" என்பதே எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் காரணம். அண்மைக்காலமாக இந்த நம்பிக்கைக்கு விஞ்ஞானச் சாயமும் பூசப்படுகின்றது. மூலிகைத் தேநீரிலுள்ள ஒட்சியேற்ற எதிரிகள், பீடைகொல்லிகள் மூளையைத் தாக்காமல் தடுக்கும் என்ற செய்திகள் சமூக ஊடகங்களில் தாராளமாகப் பகிரப்படுகின்றன.

அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை மாவட்டங்களின் நெல்வயல்களிலும், புத்தளம், கல்பிட்டிப் பகுதிகளின் மரக்கறித் தோட்டங்களிலும் உழைத்துச் சீவிக்கின்ற சமூகம் நாம். ஆகவே, இச்செய்தி எமக்குப் பொழுதுபோக்கான ஒன்றல்ல. இது உண்மையானால் மலிவான ஒரு பாதுகாப்பு எமது அடுக்களையிலேயே இருக்கின்றது. பொய்யானால், பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டு நஞ்சுக்குள் இறங்கும் நிலைக்கு நாம் தள்ளப்படுகின்றோம். எனவே, விடயத்தைச் சற்று ஆழமாகப் பார்ப்பது அவசியமாகும்.

நஞ்சு மூளையில் செய்வது என்ன?

பீடைகொல்லி என்பது ஒரே நஞ்சல்ல. பல குடும்பங்களைச் சேர்ந்த இரசாயனங்களுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது. நரம்பு மண்டலத்தைப் பொறுத்தவரை மிகவும் அறியப்பட்டவை ஓர்கனோபொஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு பூச்சிநாசினிக் குடும்பங்களாகும்.

எமது நரம்புகள் ஒன்றோடொன்று பேசுவதற்கும், தசைகளுக்குக் கட்டளையிடுவதற்கும் அசற்றைல்கோலின் என்ற பதார்த்தத்தைப் பாவிக்கின்றன. கட்டளை போய்ச் சேர்ந்தவுடன் அந்தப் பதார்த்தத்தை உடைத்து அகற்றுவதற்கு ஒரு நொதியம் இருக்கின்றது. அதன் பெயர் அசற்றைல்கோலினெஸ்டரேஸ். வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சி முடிந்ததும் மதகை அடைப்பவரைப் போன்றது இதன் வேலை. ஓர்கனோபொஸ்பேட் நஞ்சு செய்வது இதுதான்: அந்த நொதியத்தில் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கின்றது. மதகை அடைக்க ஆளில்லாததால் அசற்றைல்கோலின் பெருகி வழிகின்றது. பூச்சி சாவதும் இதனால்தான். மனிதனுக்கு வாயூறுதல், கண்ணீர், அளவுக்கதிகமான வியர்வை, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குதல், நெஞ்சில் சளி நிறைந்து மூச்சுத் திணறல், தசைத் துடிப்பு, வலிப்பு என்பன வருவதும் இதே காரணத்தால்தான்.

இங்கு கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்கள் உள்ளன. முதலாவது, நஞ்சு நொதியத்தில் ஒட்டிய பின்னர் நேரம் செல்லச் செல்ல அந்தப் பிணைப்பு இறுகிவிடுகின்றது. சில வகை ஓர்கனோபொஸ்பேட்டுகளில் இது ஒருசில மணித்தியாலங்களுக்குள் நடந்துவிடும். இறுகிய பிறகு, அந்த நொதியத்தை மீட்கவென்று வைத்தியசாலையில் கொடுக்கப்படும் மருந்தும் பயன் தராது.

இரண்டாவது, இழந்த நொதியத்தை உடம்பு மெதுவாகத்தான் மீண்டும் உற்பத்தி செய்கின்றது. செங்குருதிக் கலங்களில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்ற வேகத்திலேயே மீள்கின்றது. அதாவது, இன்று குறைந்த அளவைச் சரிசெய்வதற்கு வாரங்கள், சிலவேளை மாதங்கள் தேவைப்படும். போகம் முழுவதும் ஒவ்வொரு வயலாகச் சென்று கூலிக்கு மருந்தடிக்கும் தொழிலாளியின் நிலையை இதோடு பொருத்திப் பாருங்கள். நேற்றைய இழப்பு ஈடாகுமுன்னர் இன்றைய இழப்பு சேர்ந்துவிடுகின்றது. "எனக்கு இதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர் உண்மையில் கரைந்துகொண்டிருக்கும் இருப்பின் மேல் நின்றுகொண்டிருக்கக் கூடும்.

மெதுவாக வரும் பாதிப்பு

நஞ்சின் தாக்கம் உடனடி மயக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. ரொட்டெனோன், பரகுவாட் ஆகிய இரண்டும் கலங்களுக்குள் ஒட்சியேற்ற அழுத்தத்தை உண்டாக்கி, மூளையில் டோபமீன் சுரக்கும் நரம்புக் கலங்களைச் சேதப்படுத்தக் கூடியவை. ரொட்டெனோன் செலுத்தப்பட்ட எலிகளில் பார்க்கின்சன் நோயை ஒத்த மாற்றங்கள் தோன்றுவதை 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். இந்த இரண்டில் ஒன்றையேனும் பாவித்த விவசாயத் துறையினருக்குப் பார்க்கின்சன் நோய் ஏற்படும் வாய்ப்பு ஏனையோரை விட ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்ததை அமெரிக்காவில் நடைபெற்று 2011இல் வெளியான ஆய்வொன்று கண்டது.

தேநீர் பற்றிய கதை ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். ஒட்சியேற்ற அழுத்தம் மூளைக் கலங்களைக் கெடுக்கின்றது. தேயிலையிலும் மூலிகைகளிலும் ஒட்சியேற்ற எதிரிகள் இருக்கின்றன. ஆகவே, தேநீர் மூளையைக் காக்கும் என்பதே அந்தத் தர்க்கம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது. பச்சைத் தேயிலையிலுள்ள கட்டெக்கின்கள், மஞ்சளிலுள்ள குர்குமின் போன்றவற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகளில் நஞ்சின் பாதிப்புக் குறைந்திருப்பதும் உண்மையே. இதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால், அந்த எலிக்கும் எமது வயலில் நிற்கும் மனிதனுக்கும் இடையில் மூன்று பெரிய இடைவெளிகள் இருக்கின்றன.

மூன்று இடைவெளிகள்

முதலாவது, அளவு. இத்தகைய ஆய்வுகளில் எலியின் உடல்நிறையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற கணக்கில் மூலிகைச் சாரம் கொடுக்கப்படுவது வழக்கமான ஒன்று. எலியின் அளவை மனிதனுக்கு மாற்றும்போது அதனை ஏறத்தாழ 6ஆல் வகுப்பது மருந்தியல் நடைமுறை. அப்படிப் பார்த்தாலும் 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 கிராம் செறிந்த சாரம் தேவை. ஒரு கோப்பைத் தேநீருக்கு நாம் போடும் காய்ந்த இலையின் மொத்த நிறையே ஏறக்குறைய 2 கிராம்தான். அதிலும் ஒரு பகுதியே தண்ணீரில் கரைகின்றது. மஞ்சளின் குர்குமினோ தண்ணீரில் சரியாகக் கரைவதுமில்லை, குடலிலிருந்து குருதிக்குள் இலகுவில் உறிஞ்சப்படுவதுமில்லை.

"அப்படியானால் செறிந்த மாத்திரையாக எடுத்தால் போயிற்று" என்று சிலர் நினைக்கலாம். அதுவும் ஆபத்தானது. பச்சைத் தேயிலைச் சாரத்தின் பிரதான பதார்த்தத்தை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ குளிசையாக எடுத்தவர்களில் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் காணப்பட்டதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் சுட்டிக்காட்டியது.

இரண்டாவது, நேரம். ஆய்வுகூடத்தில் எலிக்கு எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வளவு நஞ்சு கொடுக்கப்படுகின்றது என்பது தெரியும். மூலிகைச் சாரம் பெரும்பாலும் அதற்கு முன்னரோ அதனுடன் சேர்த்தோ கொடுக்கப்படுகின்றது. வயலில் அப்படியான கணக்கு எதுவுமில்லை. தாங்கி ஒழுகிய நாளில் எவ்வளவு நஞ்சு உடம்பில் ஏறியது என்பது யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, அடிப்படையானது. ஒட்சியேற்ற எதிரி என்பது நஞ்சு உண்டாக்கும் பின்விளைவுகளில் ஒன்றைத்தான் தணிக்க முயல்கின்றது. அசற்றைல்கோலினெஸ்டரேஸ் நொதியத்தில் ஒட்டியிருக்கும் ஓர்கனோபொஸ்பேட்டை அது கழற்றி எடுப்பதில்லை. வீடு எரியும்போது புகையை விசிறிக் கலைப்பது போன்றது இது. புகை சற்றுக் குறையலாம். நெருப்பு அப்படியே இருக்கும்.

எனவே, தேநீர் குடித்தவர்கள் பீடைகொல்லி நஞ்சிலிருந்து தப்பினார்கள் என்று மனிதர்களில் நிரூபிக்கப்படவில்லை. அப்படியானால் கொத்தமல்லித் தண்ணீர் குடித்ததும் தலையிடி தீர்ந்ததே, அது எப்படி என்று கேட்கலாம். மருந்தடிப்பதை நிறுத்தி, குளித்து, உடுப்பு மாற்றி, நிழலில் இருந்து, தண்ணீரும் குடித்தால் இலேசான பாதிப்பு ஒருசில மணித்தியாலங்களில் தானாகவே தணியக் கூடியது. நன்மை செய்தது குளிப்பும் ஓய்வும்; பெயர் வாங்கியது கொத்தமல்லி.

இயற்கை என்றால் பாதுகாப்பு என்று அர்த்தமல்ல

இரசாயனம் கெட்டது, மூலிகை நல்லது என்ற எளிய பிரிவு எமது மனங்களில் ஆழமாகப் பதிந்திருக்கின்றது. ஆனால், மேலே சொன்ன ரொட்டெனோன் எந்தத் தொழிற்சாலையிலும் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. அது சில அவரை இனக் கொடிகளின் வேரிலிருந்து கிடைக்கும் தாவர நஞ்சு. மீன்பிடிப்பதற்காக ஆற்றில் கலக்கப்பட்டு வந்த அதனை 'இயற்கைப் பூச்சிநாசினி' என்ற பெயரிலேயே உலகம் நீண்டகாலம் பாவித்தது. கார்பமேட் பூச்சிநாசினிகளுக்கு முன்மாதிரியாக அமைந்த பைசொஸ்டிக்மின் என்பதும் மேற்கு ஆபிரிக்காவின் கலபார் அவரை விதையிலிருந்து வந்ததே.

இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. ஞாபகசக்தியைக் கூட்டும் என்று பெயர்பெற்ற தாவரங்கள் சிலவற்றின் சாரம், ஆய்வுகூடச் சோதனைகளில் அதே அசற்றைல்கோலினெஸ்டரேஸ் நொதியத்தைத்தான் இலேசாகத் தடுக்கின்றது. எமது வல்லாரையும் அவ்வாறு சோதிக்கப்பட்ட ஒன்று. அல்சைமர் நோயாளருக்குக் கொடுக்கப்படும் கலன்டமின் என்ற மருந்து ஒரு பூச்செடியிலிருந்து பெறப்பட்டது. அது வேலை செய்வதும் இந்த நொதியத்தைத் தடுப்பதன் மூலமே. இதனால் வல்லாரைச் சம்பல் சாப்பிடுவது ஆபத்து என்று அர்த்தமல்ல, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால், 'மூளைக்கு நல்லது' என்ற பெயர் இருப்பதால் அது நஞ்சுமுறி ஆகிவிடாது.

உண்மையான நஞ்சுமுறி எது? வைத்தியசாலையில் ஊசி மூலம் ஏற்றப்படும் அத்ரோபின். அதுவும் தாவரத்திலிருந்து வந்ததுதான். ஊமத்தையிலும் அதே வகையான இரசாயனங்கள் உள்ளன. அதற்காக ஊமத்தையை அவித்துக் குடிக்கலாமா? ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு அதன் வீரியம் மாறுபடும். குடித்தவருக்குப் பிதற்றலும் உயிராபத்தும் ஏற்படலாம். வைத்தியர் அத்ரோபினை நோயாளியின் நாடித்துடிப்பு, நெஞ்சுச் சத்தம், குருதி அமுக்கம் என்பவற்றைப் பார்த்துப் பார்த்து நிமிடக் கணக்கில் கூட்டிக் கொடுக்கின்றார். மூலிகைக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு இந்த அளவறிதலில்தான் இருக்கின்றது.

மூலிகைப் பானங்களால் வரும் நேரடி ஆபத்துகளும் உண்டு. நீரிழிவுக்கு நல்லது என்று பலர் குடிக்கும் காமரங்காய்ச் சாறு, சிறுநீரக நோயாளரின் மூளையைத் தாக்கி விக்கல், குழப்பம், வலிப்பு என்பவற்றை ஏற்படுத்தக் கூடியது. அதிலுள்ள கரம்பொக்சின் என்ற நரம்பு நஞ்சு 2013இல் இனங்காணப்பட்டது. அதிமதுரத்தைத் தொடர்ச்சியாக அதிகம் பாவித்தால் குருதி அமுக்கம் கூடி, குருதியில் பொட்டாசியம் குறையும். மூலிகை பறிக்கும்போது சேர்ந்துவிடும் சில களைகளால் ஈரலைப் பாதிக்கும் நஞ்சுகள் மூலிகைத் தேநீர்ப் பொதிகளில் கலந்திருப்பதை ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2013இல் வெளிப்படுத்தியது.

இறுதியாக ஒரு சாதாரணக் கேள்வி. நஞ்சை முறிப்பதற்காக நாம் பறிக்கும் பொல்பலாவும் வல்லாரையும் எங்கே முளைத்தவை? வயல் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் என்றால், மருந்து விசிறிய காற்று அவற்றின் மேலும்தான் வீசியிருக்கும். மருந்தடித்த வயலின் வரம்பிலிருந்து பறித்த மூலிகையை மருந்தாகக் குடிப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எமது நாடு உலகுக்குச் சொன்ன பாடம்

பீடைகொல்லி நஞ்சு பற்றிய வைத்திய அறிவில் இலங்கையின் பங்கு பெரியது. நஞ்சுண்ட நோயாளி தேறி வருவதாகத் தோன்றிய பின்னர், 1 முதல் 4 நாட்களுக்குள் கழுத்துத் தசைகளும் மூச்சுவிடும் தசைகளும் திடீரெனச் செயலிழப்பதை 1987இல் உலகுக்கு விவரித்தவர்கள் இலங்கையின் வைத்திய நிபுணர்களான நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கறலியத்தவும் ஆவர். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமற் போவதே அதன் முதல் அடையாளம். கடுமையாக நஞ்சு ஏறியவருக்கு "இப்போது பரவாயில்லை" என்ற நிலை எவ்வளவு ஏமாற்றுத்தனமானது என்பதற்கு இதுவே சான்று.

இன்னொரு பாடமும் உண்டு. நஞ்சுண்டவருக்குச் செயற்படுத்திய கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உயிர் பிழைப்போர் தொகை கூடும் என்று வைத்திய உலகம் எதிர்பார்த்தது. தர்க்கம் சரியாகவே இருந்தது. கரி நஞ்சை உறிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இலங்கையின் மூன்று வைத்தியசாலைகளில் 4,632 நோயாளர்களில் அது முறையாகப் பரிசோதிக்கப்பட்டது. 2008இல் வெளியான முடிவின்படி, கரி கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இடையில் மரணத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. கரியின் கதியே இதுவென்றால், பரிசோதிக்கப்படாத ஒரு கோப்பைத் தேநீரை நம்பி உயிரை ஒப்படைப்பது எப்படிச் சரியாகும்?

அப்படியானால் உயிர்களைக் காத்தது எது? நஞ்சை வாசலிலேயே தடுத்ததுதான். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1984இல் பரத்தியோன் வகைகளும், 1995இல் மொனோகுரோட்டபோஸ், மெத்தமிடோபோஸ் என்பனவும், 1998இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரையான காலத்தில் பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் ஆகியனவும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. இந்நடவடிக்கைகளின் விளைவாக 1995 முதல் 2015 வரை தற்கொலை மரணங்களில் மட்டும் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். எந்த மூலிகையாலும் எந்த மாத்திரையாலும் செய்ய முடியாத காரியம் இது.

கருவிலுள்ள பிள்ளைக்கும் பங்குண்டு

மூளையைக் காப்பது பற்றிப் பேசும்போது வயலுக்குச் செல்பவரை மட்டும் நினைப்பது போதாது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயக் குடும்பங்களின் தாய்மாரையும் பிள்ளைகளையும் 1999 முதல் தொடர்ந்து அவதானித்துவரும் ஆய்வொன்று உண்டு. கர்ப்ப காலத்தில் ஓர்கனோபொஸ்பேட் எச்சங்கள் அதிகமாகக் காணப்பட்ட தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாகக் காணப்பட்டவர்களின் பிள்ளைகளை விட 7 வயதில் நுண்ணறிவுச் சோதனையில் சராசரியாக 7 புள்ளிகள் பின்தங்கியிருந்தனர். இந்த நஞ்சைச் சிதைக்கும் பரஒக்சனேஸ் என்ற நொதியம் பிறந்த குழந்தையின் குருதியில் வளர்ந்தவர்களை விட மிகக் குறைவாகவே இருக்கின்றது. வளர்ந்தவருக்கு வெறும் தலையிடியாக முடிகின்ற அளவு, குழந்தைக்கு அப்படியே முடியும் என்று எண்ணிவிடக் கூடாது.

நஞ்சு அவர்களிடம் எப்படிப் போய்ச் சேருகின்றது? வாப்பா மருந்தடித்துவிட்டு வந்த சாரத்தோடு பிள்ளையைத் தூக்குகின்றார். உம்மா அந்தச் சாரத்தைப் பிள்ளையின் உடுப்புகளோடு ஒரே வாளியில் ஊறப்போடுகின்றார். மீதமான மருந்துப் போத்தல் படுக்கையறைக் கட்டிலின் கீழ் இருக்கின்றது. வெறுமையான கலன் கழுவப்பட்டுத் தண்ணீர் அள்ளப் பாவிக்கப்படுகின்றது. இவை யாவும் நாம் இன்றே நிறுத்தக் கூடியவை.

உண்மையில் மூளையைக் காப்பவை

வயலில் வேலை செய்பவருக்கு நஞ்சு பிரதானமாக ஏறும் வழி வாயல்ல, தோல். உடம்பின் எல்லா இடத்துத் தோலும் ஒன்றல்ல. முன்கையை விட நெற்றி, தலைத்தோல் என்பன பல மடங்கும், தொடை இடுக்குப் பகுதி பத்து மடங்குக்கு மேலும் நஞ்சை உறிஞ்சுவதாகப் பரத்தியோனை வைத்துச் செய்யப்பட்ட பழைய ஆய்வொன்று காட்டியது. முதுகில் சுமக்கும் தாங்கி ஒழுகினால் மருந்து வழிந்து சேர்வது சரியாக அந்த இடத்தில்தான். நனைந்த சாரத்தை மாற்றாமல் மாலை வரை வேலை செய்வது எவ்வளவு பாரதூரமானது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆகவே, மருந்தடிக்கும் முன்னர் தாங்கியின் மூடியையும் குழாயையும் சரிபாருங்கள். மருந்து கலக்கும்போதே செறிவு மிக அதிகம் என்பதால் அப்போது இறப்பர் கையுறை கட்டாயம். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, பூட்ஸ், தொப்பி அணியுங்கள். காற்றுக்கு எதிராக விசிறாதீர்கள். சாரம் நனைந்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, சவர்க்காரமிட்டுக் கழுவி, உடுப்பை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்குள் நுழையுமுன் குளியுங்கள். அந்த உடுப்புகளைத் தனியாகத் துவையுங்கள்.

தேநீர் பற்றியும் இங்கே சொல்ல ஒன்றுண்டு. வரம்பில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, மருந்து பட்ட கையோடு கோப்பையைப் பிடித்துக் குடிப்பதும், அதே கையால் பணிஸைப் பிட்டு உண்பதும், வெற்றிலை மடிப்பதும் எமது வயல்களில் சாதாரணக் காட்சிகள். பீடைகொல்லியும் தேநீரும் சந்திக்கின்ற உண்மையான ஆபத்து இந்த இடத்தில்தான் உள்ளது. என்ன தேநீர் குடிக்கின்றோம் என்பதை விட, எப்படிப்பட்ட கையோடு குடிக்கின்றோம் என்பதே மூளைக்கு முக்கியமானது.

மரக்கறி வாங்கி உண்போருக்கும் வழிகள் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 23 சிறுவர்களுக்கு 5 நாட்கள் சேதன முறையில் விளைந்த உணவு கொடுக்கப்பட்டபோது, அவர்களின் சிறுநீரில் இருந்த சில பூச்சிநாசினி எச்சங்கள் கண்டறிய முடியாத அளவுக்கு வீழ்ந்தன. சேதன மரக்கறி எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால், வீட்டு முற்றத்தில் நாலு கத்தரி, இரண்டு பயற்றைக் கொடி, ஒரு பாத்தி கீரை வளர்க்க முடியும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம் அப்பச்சோடா கரைத்து, அதில் 12 முதல் 15 நிமிடங்கள் ஊறவைத்ததில் அப்பிளின் மேற்பரப்பில் இருந்த இரண்டு பீடைகொல்லிகளின் எச்சம் நீங்கியதாக 2017இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. உள்ளே ஊறிவிட்டதை எந்தக் கழுவலும் எடுக்காது. அதனைத் தடுக்கக் கூடியவர் விவசாயி மட்டுமே. கடைசியாக மருந்தடித்ததற்கும் அறுவடைக்கும் இடையில் விடவேண்டிய நாட்கள் லேபலில் அச்சிடப்பட்டிருக்கின்றன. சந்தையில் விலை ஏறியிருக்கின்றது என்பதற்காக நேற்று மருந்தடித்த பயற்றையை இன்று பறித்து அனுப்புவது, வாங்கி உண்பவரின் அமானிதத்துக்குச் செய்யும் துரோகமாகும்.

அவசர நிலையில்

மருந்தடித்தவருக்கு வாந்தி, கண்மங்கல், வாயூறல், அதிக வியர்வை, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் என்பவற்றில் எது வந்தாலும் தேநீர் வைக்கும் நேரமல்ல அது. முதலில் அவரை அந்த இடத்திலிருந்து அகற்றுங்கள். உடுப்பைக் களைந்து, சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் கொண்டு உடம்பைக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறை அணிவது அவசியம். நஞ்சு வாய்வழி போயிருந்தால் உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், தேங்காய்ப்பால் என்று எதையும் பருக்கி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய் நிலைமையை மோசமாக்கும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இலவசமாகக் கிடைக்கும். மருந்துப் போத்தலை, குறைந்தது லேபலையாவது, கையோடு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்த நஞ்சு என்பது தெரிந்தால்தான் எந்தச் சிகிச்சை என்பதை வைத்தியர் விரைவாகத் தீர்மானிக்க முடியும்.

நாம் கேட்க வேண்டியவை

கலிபோர்னியாவில் ஓர்கனோபொஸ்பேட், கார்பமேட் வகைகளைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளரின் குருதியில் அந்த நொதியத்தின் அளவு வேலை ஆரம்பிக்குமுன் அளக்கப்பட வேண்டும். பின்னர் அது ஆரம்ப அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வேலைமுறை ஆராயப்படும். செங்குருதிக் கல அளவு 70 சதவீதத்துக்கு வீழ்ந்தால், அளவு மீளும் வரை அவர் அவ்வேலையிலிருந்து நீக்கப்படுவார். எமது பிரதேசங்களில் கூலிக்கு மருந்தடிக்கும் இளைஞருக்கும் இத்தகைய பரிசோதனை கிடைக்க வேண்டும் என்று கேட்பது பேராசையல்ல. விவசாய அமைப்புகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பிரதேச சபைகளும் சேர்ந்து போகத்துக்குப் போகம் முன்வைக்க வேண்டிய கோரிக்கை இது. கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரை அழைத்து மருந்துப் பாவனை பற்றிய ஒரு மணிநேர வகுப்பை ஊரிலேயே நடத்துவதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. வயலுக்குச் சொந்தக்காரர்களான போடிமார், தமக்கு மருந்தடிப்பவருக்கு ஒரு சோடிக் கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுப்பது கூலியோடு சேர்ந்த கடமையாகவே கருதப்பட வேண்டும்.

கொத்தமல்லித் தண்ணீரை யாரும் விட்டுவிடத் தேவையில்லை. தடிமனுக்கு இதமாக இருக்கும். சீனி நிறைந்த குளிர்பானத்தை விட அது நல்லது. வெயிலில் வேலை செய்தவருக்கு நீரிழப்பை ஈடுசெய்யும். மூத்தம்மாக்கள் எமக்குப் பழக்கிய நல்ல வழக்கம் அது. ஆனால், அவர்கள் காலத்தில் இந்த இரசாயனங்கள் எமது வயல்களில் இருக்கவில்லை. இவற்றை முறிப்பதற்காக அவர்கள் அந்தப் பானத்தை வைக்கவுமில்லை. இன்றைய நஞ்சுக்குரிய காவல் கையுறையிலும், சவர்க்காரத்திலும், பூட்டிய பெட்டியிலும், லேபலை வாசிக்கும் பழக்கத்திலும், தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்வதிலும்தான் இருக்கின்றது. தேநீரை அதற்குப் பிறகு ஆறுதலாகக் குடிக்கலாம். கையை நன்றாகக் கழுவிவிட்டு.